இடுப்பில் புகையும் சுருட்டு

"காற்றே இல்லாத விண்வெளியில் காற்று எப்படி ஐயா வீசும்?" என்று சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் மடக்கிவிட்டார். போன மாதம் 'கேலக்ஸிக் காற்று' என்று போகிறபோக்கில் எழுதியதற்கு வந்த வினை.

சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் எம்82 என்ற கேலக்ஸி இருக்கிறது. 1774 டிசம்பர் 31 அன்று பெர்லினில் வானியலாளர் போடே கண்டது. இதன் தட்டின் விளிம்பு மட்டும் நமக்குத் தெரிவதால் 'சுருட்டு' என்று பட்டப்பெயர். என் தாத்தாவின் சுருட்டு நுனியில் புகையும். இது இடுப்பில் புகைகிறது!

பக்கத்து கேலக்ஸி எம்81 உரசிப்போனதில் இதன் நடுவில் வாயு குவிந்தது. நட்சத்திரங்கள் ஈசல் போலப் பிறந்தன. பெரியவை சீக்கிரமே வெடித்துச் சாகின்றன. அந்த வெடிப்புகளில் காய்ந்து கோடிக்கணக்கான டிகிரியை எட்டிய வாயுவுக்கு, தட்டின் பக்கவாட்டில் அடர்த்தி அதிகம், வழியில்லை. மேலும் கீழும் பீறிடுகிறது. கேலக்ஸிக் காற்று என்பது இதைத்தான். அது செந்நிற இழைகளாகத் தெரியும். 1963இல் அந்த இழைகளைப் பற்றி எழுதிய வானியலாளர்கள் லிண்ட்ஸும் சாண்டேஜும், நடுவில் ஒரே ஒரு பெரிய வெடிப்பு நடந்ததாகவே நினைத்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று: கரி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் பாட்டி விறகடுப்புச் சுவரில் சுரண்டுவாளே, அந்தப் புகைக்கரியிலும் லாரிப் புகையிலும் இருக்கும் அதே வகைக் கார்பன் மூலக்கூறுகள் இந்தக் காற்றோடு போகின்றன. 2024இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் அவை இழை இழையாகத் தெரிகின்றன. அத்தனை சூட்டில் எப்படிப் பிழைத்தன? குளிர்ந்த வாயுத் திரள்களுக்குள் பதுங்கிப் போகின்றன என்கிறார்கள். அந்தத் திரள்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தப் படத்தைக் கைபேசியில் வால்பேப்பராக வைத்துக்கொள்ள ஆளிருக்கிறது. அண்ணாந்து பார்க்கத்தான் இல்லை. நான் பேசப்போன ஒரு பள்ளியில் நல்ல தொலைநோக்கி ஒன்று பீரோவுக்குள் உறையோடு தூங்கியது. தொட்டால் கெட்டுவிடுமாம்! தொடாததால்தான் லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது.

ஆசிரியர்களே, சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். ஏப்ரல் முதல் வாரம், இரவு 9 மணி, தெருவிளக்கில்லாத மொட்டைமாடி போதும். வடக்கே அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் தொலைநோக்கியால் எம்82ஐத் தேடுங்கள். காற்றும் தெரியாது, கரியும் தெரியாது; சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கீற்றுதான் தெரியும்.