கூலி, பந்தி, கல்லறை: இறையாட்சியின் அன்றாட முகம்

தமிழகத்தின் காலனிகளில் உள்ள சிற்றாலயங்களிலும் நகரத்துப் பேராலயங்களிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மன்றாட்டுச் சொல்லப்படுகிறது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் மன்றாட்டு அது. கடவுளின் ஆட்சி வர வேண்டும் என்று அது கேட்கிறது. அவருடைய விருப்பம் விண்ணில் நிறைவேறுவதுபோல் மண்ணிலும் நிறைவேற வேண்டும் என்கிறது. அடுத்த மூச்சில் அன்றைய உணவைக் கேட்கிறது. இதை ஒரே குரலில் சொல்லி முடித்த மக்கள், ஆலய வாசலைக் கடந்ததும், பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கும் காலனிக்குமாக இருவேறு திசைகளில் பிரிந்து நடக்கிறார்கள். 'மண்ணிலும்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்னும் கேள்வி அந்த வாசலில்தான் எழுகிறது.

இக்கேள்வி கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. 'இறையாட்சி' என்ற சொல்லைக் காட்டியே ஒடுக்கப்பட்ட மக்கள் பலமுறை பொறுமையாக இருக்கப் பணிக்கப்பட்டிருக்கிறார்கள்; அதே சொல்லைக் கொண்டே அவர்கள் எதிர்த்தும் எழுந்திருக்கிறார்கள். எனவே அச்சொல் அதன் பிறப்பிடத்தில் என்ன பொருள் தந்தது, நம் மண்ணில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்க முயல்கிறோம்.

சொல்லும் அதன் காலமும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பசிலேயா'. எல்லை வகுக்கப்பட்ட ஒரு நாட்டைக் காட்டிலும், ஆளுதல் என்னும் செயலையே அது முதன்மையாகக் குறிக்கிறது. பழைய தமிழ் விவிலியத்தில் இது 'தேவனுடைய ராஜ்யம்' எனவும் 'பரலோக ராஜ்யம்' எனவும் வழங்கியது. 1995இல் வெளியான திருவிவிலியம் 'இறையாட்சி', 'விண்ணரசு' என்ற சொற்களைக் கையாண்டது. மத்தேயு நற்செய்தியில் 'விண்' என்று வருவதற்குக் காரணம், கடவுளின் பெயரை நேராகச் சொல்லத் தயங்கிய யூத மரபு என்பதே பரவலான விளக்கம். ஆனால் 'பரலோகம்' என்று காதில் விழுந்ததும், இறந்த பின் போய்ச் சேரும் மேலுலகம் என்றே நம் மக்கள் பொருள் கொண்டனர். ஆட்சி இடமாயிற்று; இடமும் மரணத்துக்கு அப்பால் தள்ளிப்போயிற்று.

இயேசு பேசிய கலிலேயா, உரோமப் பேரரசுக்கு உட்பட்டு ஏரோது அந்திப்பா ஆண்ட பகுதி. வரியும் கடனும் உழவர்களை அழுத்திய காலம் அது. அத்தகைய மண்ணில் 'ஆட்சி' என்ற சொல்லை அரசியல் கலவாத ஆன்மிகச் சொல்லாக எவரும் கேட்டிருக்க முடியாது. அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லப் பயன்பட்ட சிலுவையில்தான் உரோம அரசு அவரைக் கொன்றது. சிலுவையின் மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டிலும் 'அரசர்' என்ற சொல்லே இருந்தது.

மன்றாட்டின் அடுத்த வேண்டுதலையும் நாம் கவனிக்க வேண்டும். மத்தேயுவின் கிரேக்கச் சொல் நேராகக் 'கடன்' என்றே பொருள்படும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அச்சொல்லைக் காத்து வைத்தது. புதிய மொழிபெயர்ப்பில் அது 'குற்றம்' ஆகிவிட்டது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆயினும் கந்துவட்டிக்காரருக்கு அஞ்சி வாழும் குடும்பத்தின் வாயில் எந்தச் சொல் உயிரோடு இருக்கும் என்பதை வாசகரே உணரலாம்.

கூலி

இறையாட்சி எத்தகையது என்பதற்கு இயேசு இலக்கணம் கூறவில்லை, கதைகள் சொன்னார். அவற்றுள் ஒன்று திராட்சைத் தோட்டத்துக் கதை. நில உரிமையாளர் விடியற்காலையில் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அழைத்துச் செல்கிறார். ஒரு தெனாரியம் என்பது அன்றைய ஒரு நாள் கூலி. பிறகு காலை, நண்பகல், பிற்பகல் எனச் சந்தைவெளிக்குப் போய் மேலும் ஆட்களை அழைக்கிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் சிலர் அங்கே நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், தங்களை எவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம் கொடுக்கப்படுகிறது. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அதிகாலையில் மண்வெட்டியோடும் சாந்துச் சட்டியோடும் தெருமுனையில் நின்று, மேஸ்திரி வந்து கைகாட்டுவதற்காகக் காத்திருக்கும் நம் மக்களுக்கு இக்கதை விளக்கம் இன்றியே புரியும். உடல் வலுவுள்ளவர் முதலில் எடுக்கப்படுவார். முதியவரும் நோயுற்றவரும் கைக்குழந்தையோடு வந்த பெண்ணும் கடைசிவரை நிற்பார்கள். அவர்கள் வீட்டிலும் அதே அளவு பசி இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நேரம் உழைத்தார் என்பதோடு, அவர் வீட்டில் அன்றிரவு உலை கொதிக்குமா என்பதையும் கணக்கில் கொள்ளும் நீதியைத்தான் இக்கதை இறையாட்சி என்கிறது. 'தகுதி' என்ற சொல்லைக் கொண்டு இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களின் குரல், காலையில் வந்தவர்களின் முணுமுணுப்போடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையும் நாம் இங்கே காண்கிறோம்.

பந்தி

இயேசு யாரோடு உண்டார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பெரும் பழிகளுள் ஒன்று. வரி தண்டுவோர், பாவிகள் என ஒதுக்கப்பட்டோர் ஆகியோருடன் அவர் பந்தியமர்ந்தார். பெருவிருந்துக் கதையிலோ, அழைக்கப்பட்ட பெரியவர்கள் வராதபோது தெருக்களிலும் சந்துகளிலும் இருந்த ஏழைகளும் உடல் ஊனமுற்றோரும் வீட்டுக்குள் அழைத்து வரப்படுகிறார்கள். அவர்கள் எச்சில் இலைக்குக் காத்திருக்கவில்லை, விருந்தினராகவே அமர்கிறார்கள்.

ஆதித் திருச்சபையும் இச்சோதனையில் தவறியது. கொரிந்து நகரச் சபையில் வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு முடித்துவிட, பிறகு வந்த ஏழைகள் பசியோடு இருந்தனர். அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடுமையாக எழுதினார். வழிபாட்டு முறையில் பிழை எதுவும் இருந்ததாக அவர் அங்கே குறை கூறவில்லை. இல்லாதவரை வெட்கப்படுத்தியதே அவர் கண்ட பிழை.

இறையாட்சியைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட்ட உவமையும் இவ்வகையில் கூர்மையானது. பாஸ்கா விழாவின்போது யூத வீடுகளிலிருந்து புளிப்பு முழுவதுமாக அகற்றப்பட்டது; விவிலியத்தின் பல இடங்களில் அது கேட்டின் உருவகமாக வருகிறது. விலக்கி வைக்கப்பட்ட அப்பொருளை ஒரு பெண் மாவுக்குள் வைக்க, மாவு முழுவதும் பொங்குகிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்டதன் வழியாகவே மாற்றம் நிகழ்கிறது என்னும் இவ்வுவமையைத் தலித் வாசகர் தம் கதையாகவே படிக்க முடியும்.

நம் மண்ணில் எழுந்த சுவர்கள்

தமிழ்க் கிறித்தவத்தின் வரலாறு, இப்பந்திக்கும் சாதிக்கும் இடையே நடந்த நெடும் போராட்டமே. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி அதனோடு ஒத்துப்போகும் வழியைத் தேர்ந்தார். சீர்திருத்தச் சபைகளிலும் இருக்கை முதல் நற்கருணை வரை சாதி வேறுபாடு நிலவியது. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் வேளாளக் கிறித்தவர் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர்.

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில், 1872இல் இரு பிரிவினர் தனித்தனியே அமர்வதற்காக இரு கைகளாகப் பிரிந்த ஆலயமே கட்டப்பட்டது. பீடம் ஒன்று, மக்கள் அமரும் கூடங்கள் இரண்டு. 'கால்சட்டைக் கோயில்' என்று அது பெயர் பெற்றது. அங்கே பிரிக்கப்பட்டவர்கள் வேளாளரும் நாடார் உள்ளிட்ட பிற சாதியினரும் ஆவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது, தனியிடம் தங்கள் உரிமை என்று பிள்ளை, முதலியார் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை.

ஆயினும் சுவர்கள் மறையவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதிப்படி பிரித்த சுவர், இறந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். எல்லாரும் உயிர்த்தெழுவர் என்று நம்பும் சமயத்தில், எந்தக் குழியிலிருந்து யார் எழ வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. கல்லறைக்கு நடுவே சுவர் வைத்துக்கொண்டு இறையாட்சிக்காக மன்றாடுவது, மன்றாட்டையே பொய்யாக்குவதாகும். சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்குப் பெருந்தடை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் நேரிலேயே எடுத்துரைத்தார்.

அரசின் பங்கு

சபை இழைத்த அநீதியோடு அரசின் அநீதியும் சேர்ந்துகொண்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆவர் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தனித்தொகுதிகளில் போட்டியிடும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கு இதன் அன்றாட முகத்தைக் காட்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அதே தொழிலைச் செய்த பட்டியல் சாதி இந்துக்களுக்கு இலவசமாகக் கிடைத்த சிறு கடை அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்பும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மதத்தைக் கணக்கில் கொள்ளாமல் பட்டியல் சாதித் தகுதி வழங்க வேண்டும் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்த பின்பும், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இங்கே ஒரு முரணை நாம் காண்கிறோம். கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற கூற்றால் வடக்கன்குளத்தில் ஆதிக்கச் சாதியினர் இழந்தது ஒரு சலுகையை. அதே கூற்றால் சாலையோரத் தொழிலாளி இழந்ததோ வெயிலுக்கு ஒதுங்கும் கூரையை.

ஒரே உலை

இறையாட்சியைப் பற்றி அம்பேத்கர் வழி நின்று எழும் கேள்வியையும் நாம் தவிர்க்க இயலாது. மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலையை ஆராய்ந்த அவர், துன்பத்துக்குச் சமூகத்தைக் காரணம் காட்டாமல் தனிமனிதரின் பாவத்தைக் காரணம் காட்டும் போதனை, அவர்களைப் போராட்டத்திலிருந்து விலக்குகிறது என்று விமர்சித்தார். அவ்விமர்சனம் சரியானது. அதற்குப் பதில் தேடி எழுந்ததே 1980களில் அரவிந்த் நிர்மல் முதலியோர் முன்னெடுத்த தலித் இறையியல்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு அதனை மக்களின் மொழிக்குக் கொண்டு வந்தார். 'பரட்டை அண்ணன்' என்று அழைக்கப்பட்ட அவர் 2005இல் மறைந்தார். இழிவாகக் கருதப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். நாட்டுப்புற மெட்டுகளில் பாடல் அமைத்தார். அவருடைய சிந்தனையின் மையம் 'ஒரே உலை'. பல வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து எல்லாரும் பகிர்ந்து உண்ணும் நிலையே அவருக்கு இறையாட்சி. உலை ஒன்றாகும்போது தீட்டுக்கு இடமில்லை. தனித்தனியாகச் சேர்த்து வைக்கும் செல்வத்துக்கும் இடமில்லை.

இறையாட்சி அக உணர்வு மட்டுமே என்போர் லூக்கா நற்செய்தியின் ஒரு சொல்லைச் சான்று காட்டுவர். பழைய மொழிபெயர்ப்பு அதை 'உங்களுக்குள்' என்றது. திருவிவிலியம் 'உங்கள் நடுவே' என்கிறது. மூலச்சொல் இரண்டுக்கும் இடம் தரும். ஆனால் 'உங்கள்' என்பது பன்மை. ஒரு நெஞ்சுக்குள் அடங்குவதைக் காட்டிலும், மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள வெளியிலேயே அது மெய்ப்பட வேண்டியிருக்கிறது. அந்த வெளியில்தான் கூலி பேசப்படுகிறது, பந்தி போடப்படுகிறது, சுவர் எழுப்பப்படுகிறது.

ஆகவே தலித் கிறித்தவ இளைஞர்கள் தம் பங்கில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. திருவிழாத் தேர் நம் தெருவுக்குள் வருகிறதா? பங்குப் பேரவையில் நம்மவர் எத்தனை பேர்? திருச்சபை நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர் பணி யாருக்குக் கிடைக்கிறது? ஆலயத்தைத் துப்புரவு செய்பவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படுகிறதா? அடக்கத்துக்கு ஒரே பாதையா, இரண்டா? இவற்றைக் கேட்பவரை விசுவாசமற்றவர் என்று சிலர் சொல்லக்கூடும். ஞாயிறுதோறும் அவர்களும் சேர்ந்து சொல்லும் மன்றாட்டின் பொருளைத்தான் நாம் கேட்கிறோம் என்பதே அவர்களுக்கு நம் பதில்.