கணினிப்பெட்டியைக் குளிர்விப்பதும் இரைச்சலைக் குறைப்பதும்

மேசைக் கணினிக்குள் உருவாகும் வெப்பத்தை வெளியேற்றவும், அதற்காகச் சுழலும் விசிறிகளின் இரைச்சலைக் குறைக்கவும் பயனரே செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. பேச்சுவழக்கில் 'சிபியு' எனப்படும் பெட்டி முழுவதும் இங்கே கணினிப்பெட்டி என்று குறிக்கப்படுகிறது. விசிறியை வேகப்படுத்தினால் சத்தம், குறைத்தால் சூடு. எனவே இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் சூட்டுக்கும் சத்தத்துக்கும் காரணம் ஒன்றே. காற்று செல்லும் வழி அடைபட்டிருக்கிறது.

திருச்சிச் சூழல்

திருச்சிராப்பள்ளியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். சில நாட்களில் 40 பாகையையும் கடக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான ஸ்ரீரங்கத்தில் இதனுடன் மணல் தூசியும் சேர்கிறது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கோடையில் ஆற்றுப்படுகையின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஜூன் முதல் ஆடி முடியும்வரை மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் பல வீடுகள் பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், காற்றும் தூசியும் முன்புறமாகவும் பின்புறமாகவும் மட்டுமே உள்ளே வருகின்றன.

வெப்பக் கணக்கு

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆகவே பெட்டியின் உள்வெப்பம் அறை வெப்பத்தைவிடக் குறையாது. ஒரு லிட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1.15 ஜூல் ஆற்றல் தேவை. 200 வாட் செலவிடும் கணினியின் ஊடாக நொடிக்கு 20 லிட்டர் காற்று சென்றால், அது சுமார் 9 பாகை சூடேறி வெளியேறும். அறை 38 பாகை என்றால் வெளிவரும் காற்று 47 பாகை. காற்றை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் லாபம் 4 பாகைதான். மாறாக, வெயிலில் காய்ந்த மொட்டை மாடி அறையிலிருந்து கீழ்த்தளத்துக்குக் கணினியை மாற்றினால், அறை வெப்பம் எத்தனை பாகை குறைகிறதோ ஏறத்தாழ அத்தனை பாகை பெட்டிக்குள்ளும் குறையும். அதற்குச் செலவும் இல்லை.

இன்றைய செயலிகள் பல, 95 முதல் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால் கணினி அணைந்துவிடும். சேமிக்காத திட்டப்பணி அதோடு போய்விடும்.

இரைச்சல் கணக்கு

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகளைச் சேர்த்து ஓட்டினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. எனவே முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதில் பாதி வேகத்தில் இரண்டை ஓட்டினால், அதே அளவு காற்று கிட்டத்தட்ட 12 டெசிபல் குறைந்த சத்தத்தில் கிடைக்கும். பெரிய விசிறியின் பயனும் இதுவே: 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீட்டர் விசிறியைப்போல் 2.25 மடங்கு. ஒரே அறையில் ஒருவர் படிக்க, மற்றவர் உறங்கும் வீட்டில் இந்த வேறுபாடு பெரிது.

செய்முறை

கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்ள வேண்டும்.

1. தூசி நீக்கல்: செயலி விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். தூரிகையாலோ ப்ளோயராலோ நீக்கலாம். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2. காற்றின் திசை: முன்புறம் கீழே உள்ள விசிறி காற்றை உள்ளிழுக்கவும், பின்புறம் மேலே உள்ளது வெளித்தள்ளவும் வேண்டும். பெரும்பாலான விசிறிகளில் தாங்கு கம்பிகள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம். குறுக்கே கிடக்கும் கம்பிகளைச் சேர்த்துக் கட்டி ஓரமாக ஒதுக்க வேண்டும்.

3. தூசி வடிகட்டி: உள்ளிழுக்கும் விசிறியின் முன் ஒற்றை அடுக்குக் கொசுவலையைப் பொருத்தலாம். உள்வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுந்திருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்.

4. வெப்பப் பசை: செயலியின் மேலுள்ள பழைய பசை காய்ந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பசை வைத்தால் போதும்.

5. வேகக் கட்டுப்பாடு: தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பில், செயலியின் சூட்டுக்கேற்ப விசிறி வேகம் மாறும்படி அமைக்கலாம்.

6. அதிர்வு: நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வன்தட்டு 120 ஹெர்ட்ஸ் முனகலைப் பெட்டிக்கும் மேசைக்கும் கடத்தும். பழைய ஹவாய் செருப்பை நறுக்கி, பெட்டியின் கால்களுக்கு அடியில் வைத்தால் முனகல் தணியும்.

தவிர்க்க வேண்டியவை

சத்தத்தை அடக்கப் பெட்டிக்குள் தெர்மோகோலோ தென்னை நாரோ ஒட்டக் கூடாது; இரண்டும் தீப்பற்றக்கூடியவை. கணினி மேசையின் மூடிய அறைக்குள் பெட்டியை வைத்தால், வெளியேறிய சூடான காற்றையே அது மீண்டும் இழுக்கும். அந்த அறையின் பின்பலகையைக் கழற்றி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். கணினி ஓடும்போது துணி உறை போடக் கூடாது. பக்கக் கதவைத் திறந்து மேசை விசிறியைத் திருப்பி வைப்பது அவசரத்துக்கு உதவும். நாள்தோறும் செய்தால் தூசியே சேரும். 'எஸ்எம்பிஎஸ்' எனப்படும் மின்வழங்கியைப் பிரிக்கவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

பராமரிப்புக் காலம்

திருச்சிப் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை துப்புரவு செய்வது பொருந்தும்: கோடைச் சூடு ஏறுமுன் பங்குனியில் ஒருமுறை, காற்று ஓய்ந்தபின் ஆவணியில் ஒருமுறை. கொசுவலை வடிகட்டியை மட்டும் ஆடிக் காற்று வீசும் நாட்களில் வாரம் ஒருமுறை கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும். துப்புரவுக்கு முன்னும் பின்னும் ஒரே வேலையை ஓடவிட்டு, செயலியின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் குறித்து வைத்தால், புதிய விசிறி வாங்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.