பழவேற்காடு – ஏரியும் ஊரும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள கடற்கரையூர் பழவேற்காடு. வேல மரங்கள் செறிந்த பழைய காடாக இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். ஐரோப்பியர் நாவில் இது ‘புலிக்காட்’ என மாறியது. சென்னை நகரம் உருவாவதற்கு முன்பே கடல் கடந்த நாடுகள் அறிந்திருந்த துறைமுகம் இது.

நிலமும் நீரும்

ஊரை அடுத்துள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. கடலையும் ஏரியையும் ஸ்ரீஹரிகோட்டா தீவு பிரிக்கிறது. விண்வெளி ஏவுதளம் அமைந்திருப்பது இத்தீவில்தான். ஆரணி, காளங்கி, சொர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இவ்விருநீர்க் கலப்பே ஏரியின் வளத்திற்குக் காரணமாகும். ஆழம் குறைந்த இந்நீரில் இரை தேடிக் குளிர்காலத்தில் பூநாரைகள் பெருங்கூட்டமாக வருகின்றன. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

துணியும் துறைமுகமும்

விஜயநகர ஆட்சிக் காலத்தில் பழவேற்காடு சிறந்த துறைமுகமாக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் இங்கு வந்தனர். அவர்களை அடுத்து டச்சுக்காரர் வந்து, சந்திரகிரியை ஆண்ட இரண்டாம் வேங்கடரின் இசைவைப் பெற்று வணிகம் தொடங்கினர். 1613இல் அவர்கள் எழுப்பிய கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயர்.

நறுமணப் பொருள்களை நாடி வந்தோர் துணி நெய்யும் கரையில் கோட்டை கட்டியதற்குக் காரணம் உண்டு. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளின் மக்கள் சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகளையே பெரிதும் விரும்பினர். எனவே, இங்குத் துணியை வாங்கி, அதனைக் கொண்டு அங்கு நறுமணப் பொருள்களைப் பெறும் முறை உருவாயிற்று. இவ்வட்டார நெசவாளரின் கைத்திறனே அப்பெருவணிகத்தின் அடித்தளம்.

இவ்வணிகத்திற்கு இருண்ட பக்கமும் இருந்தது. போராலும் பஞ்சத்தாலும் வாழ்விழந்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டு, இக்கரையிலிருந்து பத்தேவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பத்தேவியாவே இன்றைய ஜகார்த்தா.

1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றியதும் ஊரின் சிறப்புக் குறையத் தொடங்கியது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டில் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று.

எஞ்சிய சுவடுகள்

கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ வரலாற்றைத் தெளிவாகக் காட்டி நிற்கிறது. அதன் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டு உருவங்கள் வாழ்வின் நிலையாமையை உணர்த்துகின்றன. உள்ளே டச்சு மொழிக் கல்வெட்டுகளைத் தாங்கிய கல்லறைகள் உள்ளன. ஆனால், கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்கோ துணி நெய்த கைகளுக்கோ இங்குக் கல்வெட்டு ஏதும் இல்லை. எழுதப்பட்டவற்றை மட்டுமன்றி, எழுதப்படாதவற்றையும் எண்ணிப் பார்ப்பதே வரலாற்றுக் கல்வியாகும்.

விஜயநகரக் கலைப்பாணியில் அமைந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், பழமையான பள்ளிவாசல்களும், மகிமை மாதா ஆலயமும் இச்சிற்றூரில் அருகருகே உள்ளன. இசுலாமியப் பெண்கள் பனையோலையால் முடையும் வண்ணப் பெட்டிகளும் கூடைகளும் ஊருக்குப் பெருமை சேர்க்கின்றன.

பாடு முறை

இவ்வூர் மீனவரிடையே வழங்கும் ‘பாடு’ முறை, பொதுவளத்தைப் பகிர்ந்துகொள்ளும் பண்பிற்குச் சிறந்த சான்றாகும். பாடு என்பது ஏரியில் வலை கட்டுவதற்கென வரையறுக்கப்பட்ட இடம். முகத்துவாரத்தை ஒட்டிய பாடுகளில் இறால் மிகுதியாகக் கிடைக்கும், பிறவற்றில் குறையும். வலியவர் நல்ல இடங்களைத் தமதாக்கிக்கொள்ளாதவாறு, உரிமையுடைய குப்பத்தார் கூடி முறை வகுத்துக்கொள்கின்றனர். இன்று வளமான பாட்டில் வலை கட்டியவர் நாளை அதனைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பார். இவ்வுரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் கிட்டவில்லை என்னும் குறையும் உண்டு. ஏரியின் ஆழமற்ற நீரில் கைகளாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்கள் இம்முறைக்கு வெளியே நிற்பவர்கள்.

அடைபடும் முகத்துவாரம்

இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தை அகலத் திறக்கும்; கோடையில் அலைகள் கொணரும் மணல் அதனைத் தூர்க்கும். வழி அடைபட்டால் இறால் வரவு குன்றும். வளமே குன்றியபின் முறை வைத்துப் பகிர எதுவும் எஞ்சாது.

தெற்கே எண்ணூர், வள்ளூர், காட்டுப்பள்ளிப் பகுதிகளில் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்துள்ளன. அவை மின்சாரமும் வேலைவாய்ப்பும் தருகின்றன. அதேவேளையில், கடற்கரையில் எழும் பெரிய கட்டுமானங்களால் மணலின் இயல்பான ஓட்டம் மாறிவிடுமோ என மீனவர் அஞ்சுகின்றனர்.

இத்தாலியின் வெனிஸ் நகரமும் காயலை நம்பி வாழ்ந்த ஊரே. ஆறுகள் கொணரும் வண்டலால் தம் காயல் தூர்ந்துவிடாதிருக்க, அந்நகரத்தார் ஆறுகளின் போக்கையே மாற்றியமைத்தனர். காயல் தானே நிலைத்திருக்கும் என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை.

பழவேற்காட்டின் துறைமுகச் சிறப்பு மறைந்தது, கோட்டை மண்மேடாயிற்று. ஆயினும், ஏரி வாழ்ந்ததால் ஊர் வாழ்ந்தது. ஏரியைக் காப்பது பூநாரைகளுக்காக மட்டுமன்று. அதனை நம்பி வாழும் மக்களுக்காகவும், அவர்கள் வகுத்த பகிர்வு நெறிக்காகவும் ஆகும்.