கையை எடுக்கும் நாள்

ஒரு சின்ன நாடு விமானப்படை தொடங்கும்போது விமானம் வாங்குவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. அதை ஓட்டவும், மறுநாள் காலையும் அது ஓடும்படி வைத்திருக்கவும் ஆள் வேண்டுமே! அவர்களைக் கடையில் வாங்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும். உருவாக்கத் தெரிந்தவர்கள் முதலில் வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை எடுத்துக்கொள்வோம். 1957-இல் விடுதலை பெற்ற நாடு 1959-இல் விமானப்படை தொடங்கியது. பறக்கக் கற்றுக்கொடுக்க இஸ்ரேலிலிருந்து ஒரு குழு வந்தது. தலைமையகத்தை அமைத்துக் கொடுக்க இந்திய விமானப்படை அதிகாரிகள் தலைநகர் அக்ராவுக்குப் போனார்கள். படையின் முதல் தலைவரே ஏர் கமடோர் ஜஸ்வந்த் சிங் என்ற இந்தியர்தான். பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் கட்டிய எச்டி-2 பயிற்சி விமானங்கள் 12 கானாவுக்குப் போயின. 1960-இன் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையினர் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார்கள். இப்படி வருகிறவர்கள் செய்யும் வேலை எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது.

முதலில் வகுப்பறை. இறக்கை ஏன் தூக்குகிறது, எஞ்சின் எப்படி எரிகிறது, வரைபடத்தில் திசை பிடிப்பது எப்படி என்று சில வாரங்கள். கானாவில் வானிலைப் பாடத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை சஹாராவின் புழுதியை வாரிக்கொண்டு ஹார்மட்டான் காற்று வீசும். தொடுவானமே தெரியாமல் போகும். ஐரோப்பாவின் மழை மேகத்தில் பழகி வந்த ஆசிரியரும் அந்தப் பாடத்தில் மாணவர்தான்.

அடுத்தது விமானத்தைச் சுற்றி நடப்பது. மூக்கில் தொடங்கி வலம் வருவது போல ஒரு சுற்று. டயர், கீல், இறக்கையின் விளிம்பு என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார் ஆசிரியர். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப் போல உருண்டு நிற்கும். ஈரக்காற்று வீசும் கடலோரத்தில் பாதி காலியான தொட்டியை இரவில் விட்டுவைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குப் போனால் வானத்தில் எஞ்சின் நிற்கும். அதனால் சாயங்காலமே தொட்டியை முட்ட நிரப்பி வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் படியவைப்பதற்கே மாதங்கள் ஆகலாம்.

பிறகு பறப்பது. பயிற்சி விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, இரண்டிலும் ஸ்டிக், அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கைத் தூக்கவும் பிடிக்கும் கோல். ஆசிரியர் செய்துகாட்டுவார், செய்யும்போதே பேசுவார். "மூக்கைத் தூக்குகிறேன், வேகம் குறைகிறது, ஸ்டிக் தளர்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது பார், இதோ மூக்கு விழுகிறது. ஸ்டிக் முன்னே, த்ராட்டில் முழுசா." கை செய்வதும் வாய் சொல்வதும் ஒரு நொடிகூடப் பிசகக் கூடாது. இதற்குப் பேட்டர் என்று பெயர். நன்றாக ஓட்டுகிறவரெல்லாம் ஆசிரியராகிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். நம் தாம்பரத்தில் இருக்கும் விமானப் பயிற்சியாளர் பள்ளி இந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்கிற இடம். நட்பு நாடுகளின் விமானிகளும் அங்கே வந்து படித்துப் போகிறார்கள். யார் கையில் விமானம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வரக்கூடாது. "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று ஒருவர் சொன்னால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று மற்றவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை மாறும்.

அதன்பின் சர்க்யூட், அதாவது ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. ஏறு, திரும்பு, இறங்கு, தரையைத் தொட்டு மறுபடி ஏறு. வால்சக்கர விமானம் தரையில் சொன்னபடி கேட்காது. வால் சுக்கானான ரட்டரின் மிதியில் கால் ஒரு கணம் தூங்கினால் பக்கவாட்டில் சுழன்றுவிடும். இங்கே ஆசிரியருக்கு நேரும் சோதனையே பெரியது. மாணவர் தவறு செய்வது தெரிகிறது, கை துடிக்கிறது. ஆனாலும் ஆபத்தின் விளிம்புவரை காத்திருக்க வேண்டும். தானாகத் திருத்திக்கொண்ட தவறுதான் பாடமாக மனதில் தங்கும்.

பிறகு ஒருநாள் காலை, இரண்டு மூன்று நல்ல இறக்கம் முடிந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் இறங்கிவிடுவார். இறங்குமுன் தன் இருக்கையின் வார்களை ஒன்றோடொன்று இழுத்துப் பூட்டுவார். தொங்கும் வார் ஸ்டிக்கில் சிக்கினால் போச்சு. 1964 ஜூன் 22 அன்று சிப்மங்க் விமானத்தில் இப்படித் தனியாக ஏறி இறங்கினார் மெலடி டான்குவா, கானாவின் முதல் பெண் விமானி. ஓர் ஆள் எடை குறைந்த சிப்மங்க் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தரையை விடும். தனியாகப் பறந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

படம் எடுப்பதும் கைதட்டுவதும் இதுவரைதான். உண்மையான வேலை விமானக் கொட்டகையில், அதாவது ஹேங்கரில் இருக்கிறது. சின்ன விமானப்படைகள் நொடித்துப்போவது வானத்தில் அல்ல, ஹேங்கரில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மெக்கானிக் பயிற்சி ஒரு கம்பியில் தொடங்கும். போல்ட் அதிர்வில் கழலாமல் இருக்க லாக்கிங் வயர் போட்டு முறுக்குவார்கள். அந்தக் கம்பி போல்ட்டை இறுகும் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போட்டால் பார்வைக்கு அழகாகவே இருக்கும், ஆனால் கழல்வதற்கு வழிவிடும். பையன் முறுக்குவான், மேஸ்திரி வெட்டிப் போட்டுவிட்டு "மறுபடி" என்பார். விரல் கிழியும். சரியான பக்கம் எது என்று யோசிக்காமலே விரலுக்குத் தெரிகிறவரை இது தொடரும்.

அடுத்து இரண்டாம் கண். ஸ்டிக்கிலிருந்து இறக்கைக்குப் போகும் கேபிளைக் கழற்றி மாட்டினால், மாட்டியவர் மட்டும் பார்த்தால் போதாது. வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர் வந்து, ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது இறக்கையின் பின்விளிம்பு மடலான ஐலரான் மேலே எழுகிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கேபிள் மாறிப்போயிருந்தால் விமானி இடப்பக்கம் சாய்க்க விமானம் வலப்பக்கம் சாயும். அது தரையை விட்ட பிறகுதான் தெரியவரும். எல்லாக் கையெழுத்தும் ஒரே ஏட்டில் சேரும். இந்திய, பிரிட்டிஷ் விமானப்படைகளில் அதற்கு ஃபார்ம் 700 என்று பெயர். டெக்னீஷியன் ஒப்பமிட்ட பிறகு விமானி ஒப்பமிட்டு விமானத்தை ஏற்பார். தவறைச் சொன்னவனைத் திட்டாத ஹேங்கரில்தான் அந்த ஏடு உண்மை பேசும். அந்தச் சூழலை உண்டாக்குவதும் வெளிநாட்டிலிருந்து வந்தவரின் பொறுப்பு.

வெளிநாட்டு டெக்னீஷியன்கள் சறுக்குவதும் இங்கேதான். காலையில் மூன்று விமானம் தயாராக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பையன் நான்கு மணி நேரம் எடுப்பதை இவர் ஒரு மணியில் முடித்துவிடுவார். ஸ்பேனரைத் தானே எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்தால் அன்றைக்குப் பறப்பு நடக்கும், படை ஒரு நாள் பின்தங்கும்.

உதிரிபாகம் வேறு தலைவலி. இந்திய விமானம், கனடாவின் ஓட்டரும் பீவரும், பிறகு இத்தாலிய ஜெட் என்று கானாவைப் போல வாங்கிச் சேர்க்கும் நாட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கையேடு, தனி அளவு, தனிக் கிடங்கு. என்ன வாங்குவது என்பதை அரசியல் தீர்மானிக்கும். கிடங்குக்காரர் அதைச் சுமப்பார்.

கடைசிப் படி, ஆசிரியரை உருவாக்குவது. நன்றாகத் தேறிய மாணவரைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, வெளிநாட்டு ஆசிரியர் முன்னே உட்கார்ந்து மாணவராக நடிப்பார். வேண்டுமென்றே உயரமாக வந்து, வேண்டுமென்றே கோணலாக இறக்குவார். பின்னாலிருப்பவர் எப்போது வாய் திறக்கிறார், எப்போது கை வைக்கிறார் என்று கவனிப்பார். ஹேங்கரிலும் இதேதான்: புது சார்ஜென்ட் சோதித்து முடித்த விமானத்தைப் பழைய ஆள் மறுபடி சோதிப்பார், வாரத்துக்கு வாரம் குறைவாக.

பிறகு ஒரு காலை ஃபார்ம் 700-இல் வெளிநாட்டுப் பெயர் ஒன்றுகூட இருக்காது. உள்ளூர் சார்ஜென்ட் ஒப்பமிட்டு ஏட்டை நீட்டுவார். உள்ளூர் விமானி வாங்கி, நேற்று எழுதிய பழுதைப் படித்து, அது சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, விமானத்தின் மூக்கிலிருந்து தன் சுற்றைத் தொடங்குவார்.