இராவணன் கோட்டை விளக்கு

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. உள்ளூரார் அதை மகா இராவணன் கோட்டை என்பர். கடல்வரைபடங்களில் அதன் பெயர் கிரேட் பாசஸ். அலை ஓங்கினால் பாறை கண்ணில் படாது. வங்கக் கடலுக்குச் செல்லும் கப்பல்களுக்கு அதுதான் ஆபத்து.

அங்கே கலங்கரை விளக்கு அமைக்க 1850களில் வகுத்த முதல் திட்டம், கருங்கல் அடித்தளத்தின் மேல் வார்ப்பிரும்புக் கோபுரம் எழுப்புவது. சுமார் 40,000 பவுண்டு கரைந்தபின் அது கைவிடப்பட்டது. பாறையின் மேல் எதுவும் எழும்பவில்லை. பிறகு பிரிட்டனின் கலங்கரை விளக்க அமைப்பான டிரினிட்டி ஹவுஸின் பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ் முழுக் கருங்கல் கோபுரத்தை வடிவமைத்தார். கட்டுமானத்தை நடத்தியவர் அவர் தம்பி வில்லியம். கற்கள் ஸ்காட்லாந்தில் வெட்டிச் செதுக்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் பள்ளமும் புடைப்பும் உண்டு. தச்சர் மரத்தைக் கோப்பதுபோல், பக்கத்துக் கல்லோடும் மேல்வரிசையோடும் அவை பூட்டிக்கொள்ளும். ஒரு கல்லை மட்டும் அலையால் பெயர்க்க முடியாது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் பாறையில் வேலை நடக்கும். 1873 மார்ச் 10 அன்று விளக்கு எரிந்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டவில்லை என்பது, முதல் முயற்சியை நினைத்தால், வியப்புதான். சின்ன இராவணன் கோட்டை என்ற இன்னொரு பாறைத்திட்டிலும் 1878இல் ஒரு விளக்கு எழுந்தது.

மகா இராவணன் கோட்டையில் விளக்கு வருமுன் மூழ்கிய கப்பல் ஒன்று 1961இல் அகப்பட்டது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் அங்கே முக்குளித்தபோது, ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்களைக் கண்டெடுத்தார். உப்பில் ஊறிய நாணயங்கள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தன.

2004 ஆழிப்பேரலை விளக்கைச் சேதப்படுத்தியது. ஆனால் கோபுரம் விழவில்லை. பின்னர் அது பழுதுபார்க்கப்பட்டது.