பௌத்த நெறியும் உளச்சிகிச்சையும்

பௌத்த நூலாகிய சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை ஒன்று உண்டு. உடலில் தைக்கும் துன்பம் முதல் அம்பு. அத்துன்பத்தை எண்ணி எண்ணிப் புலம்புவதால் உள்ளத்தில் தைப்பது இரண்டாம் அம்பு. முதல் அம்புக்குத் தப்பியவர் எவரும் இலர். இரண்டாவதைத் தவிர்க்கக் கற்றவனே அறிவுடையவன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கருத்து இன்று மருத்துவமனைகளிலும் இடம் பெற்றிருக்கிறது. இதனால் பயன் பெறுவோர் யாவர், பெறாதோர் யாவர் என்பதை ஆராய்வோம்.

1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பாலி மொழியில் 'ஸதி' என்றும், தமிழில் 'நற்கடைப்பிடி' என்றும் வழங்கும் விழிப்பு நிலையே அதன் அடிப்படை. மூச்சைக் கவனித்தல், மனம் அலைந்தால் தன்னைக் கடிந்துகொள்ளாமல் அதனை மீட்டுக் கொணர்தல் ஆகியவையே பயிற்சி. இதில் சமயச் சடங்கு எதுவும் இல்லை, எச்சமயத்தாரும் பயிலலாம். தீராத வலியுடையோர் பலர் இதனால் ஆறுதல் பெற்றனர். வலி முற்றும் நீங்காவிடினும், அதனைச் சூழ்ந்த அச்சமும் பதற்றமும் குறைந்தன.

அடுத்து, மனச்சோர்வு நோய். சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் முதலியோர், இந்நோயிலிருந்து மீண்ட 145 பேரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றவர்களுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 66 பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் ஏறத்தாழ 40 பேருக்கே திரும்பியது. ஆனால் இரண்டு முறை மட்டும் நோயுற்றவர்க்கு இப்பயிற்சியால் நன்மை காணப்படவில்லை. காரணம் யாது? பன்முறை நோயுற்றவர் உள்ளத்தில், வண்டித் தடம்போல் ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. சிறு வருத்தம் தோன்றினும் தன்னைத் தானே பழிக்கும் பழைய எண்ணங்கள் அத்தடத்திலே ஓடி வருகின்றன. அவை வெறும் எண்ணங்களே, உண்மைகள் அல்ல என்று காணப் பயிற்சி உதவுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

மார்ஷா லினெஹன் என்னும் அமெரிக்க அறிஞர், ஜென் பௌத்தத்தில் தாம் கற்றவற்றைக் கொண்டு வேறொரு சிகிச்சை முறையை வகுத்தார். உணர்ச்சிப் புயலில் சிக்கித் தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்வோர்க்கு அது பெரிதும் உதவுகிறது. உள்ளதை உள்ளவாறே ஏற்றலும், மாற்ற வேண்டியதை மாற்றலும் அதன் இரு கண்கள்.

ஆயினும், இஃது எல்லோர்க்கும் உரிய மருந்தன்று. ஐக்கிய இராச்சியப் பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட மாணவரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பு முழுவதற்கும் இப்பயிற்சியை அளித்ததால், வழக்கமான கல்வியைவிடக் கூடுதல் நன்மை விளையவில்லை என்பதே அது. கொடுந்துயருக்கு ஆளானோர் சிலர்க்கு, கண்மூடி அமர்ந்ததும் பழைய நினைவுகள் பொங்கி அச்சம் மிகுதலும் உண்டு. அத்தகையோர்க்குத் தேர்ந்த வழிகாட்டி இன்றியமையாதவர். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிட்டு இதனை மேற்கொள்வதும் தகாது.

தேர்வில் தவறியதால் சில நாள் வருந்துவது நோயன்று. ஆனால் அவ்வருத்தம் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் கெடுக்குமாயின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரை நாடுவதே மாணவர் முதலில் செய்யத்தக்கது. எந்தச் சிகிச்சை தக்கது என்பதை அதன் பின்னர் அவருடன் கலந்து முடிவு செய்யலாம்.