கணினிக்குள்ளே – 17: வேகத்தை அளக்கும் முன்…

“சார், நம்ம டிஸ்க் செகண்டுக்கு 3 ஜிபி படிக்குது!”

லேபின் கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். போய்ப் பார்த்தேன். திரையில் அந்த எண் இருந்தது உண்மைதான். ஆனால் மாட்டியிருந்தது சாட்டா கேபிளில் ஒரு சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டி. “சாட்டா வழியா செகண்டுக்கு எவ்வளவும்மா போகும்?” என்று கேட்டேன். அந்த மாணவி நோட்டைப் புரட்டினார். முந்தின வாரம்தான் கணக்குப் போட்டிருந்தோம். 6 ஜிகாபிட் வேகம். 8 பிட் தகவலுக்கு 10 பிட் அனுப்ப வேண்டியிருப்பதால் கைக்கு வருவது அதிகபட்சம் 600 எம்பி. “அப்ப மீதி எங்கேருந்து சார் வந்துச்சு?”

அந்தக் கேள்வியிலேயே அன்றைய வகுப்பு முழுவதும் போயிற்று. ஒருமுறை படித்த கோப்பை லினக்ஸ் ரேமில் வைத்துக்கொள்கிறது. அதே கோப்பை மறுபடி கேட்டால் டிஸ்க் பக்கமே போகாமல் ரேமிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். எஸ்எஸ்டியை அளப்பதாக நினைத்துக்கொண்டு அவர் ரேமை அளந்திருக்கிறார்.

எஸ்எஸ்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சென்ற இரு வாரங்களாகப் பார்த்தோம். அதன் வேகத்தை மாணவர்கள் தாங்களே அளக்கும்படி ஒரு செய்முறையை எப்படி அமைப்பது என்பதே இந்த வாரப் பேச்சு. கருவிக்குப் பஞ்சமில்லை. லினக்ஸ் கர்னல் உருவாக்குநர்களில் ஒருவரான ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ‘ஃபியோ’ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘டைரக்ட்=1’ என்று ஒரு சொல் சேர்த்தால் ரேம் குறுக்கே வராது. ஆனால் ரேமைத் தாண்டிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

வாழை இலையை நினைத்துக்கொள்ளுங்கள். பதார்த்தங்களை ஒவ்வொன்றாகப் பரிமாறலாம். எடுப்பதென்றால் இலையோடுதான் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் நினைவகமும் அப்படித்தான். எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிளாக் முழுவதுமாக. ஒரு பிளாக்கை அழிக்க வேண்டுமானால், அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை முதலில் வேறு பிளாக்குக்கு மாற்றியாக வேண்டும். நாம் 1 ஜிபி எழுதச் சொன்னால், உள்ளே 2 ஜிபியோ 3 ஜிபியோ எழுதப்படுவது இதனால்தான்.

புது டிரைவில் எல்லா இலையும் காலி. எழுத்து பறக்கும். ஏறக்குறைய நிறைந்து, பலமுறை மாற்றி மாற்றி எழுதப்பட்ட டிரைவிலோ ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இடம்மாற்றும் வேலையும் அழிக்கும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். ஒரே மாடல், ஒரே கட்டளை. காலையில் ஒரு எண், மாலையில் வேறொரு எண். மாணவர்கள் குழம்பிப்போய், நன்றாக வந்த எண்ணை மட்டும் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார்கள். இது அவர்கள் தவறில்லை. டிரைவின் முந்தைய நிலையைக் கணக்கில் எடுக்காமல் செய்முறையை வகுத்த நம் தவறு.

வாசிப்புச் சோதனையிலும் இதே கண்ணி உண்டு. எதுவுமே எழுதப்படாத இடத்தைப் படிக்கச் சொன்னால், பல டிரைவ்கள் ஃபிளாஷைத் தொடாமலேயே பூஜ்யங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். எண் அபாரமாக வரும், பொருள் இருக்காது. ஆகவே படிப்பதை அளக்கவும் முதலில் எழுதி நிரப்ப வேண்டும். அதுவும் வெறும் பூஜ்யங்களால் நிரப்பக் கூடாது. ஒரு காலத்தில் பரவலாக விற்ற சாண்ட்ஃபோர்ஸ் கட்டுப்பாட்டுச் சில்லுகள் தகவலைச் சுருக்கி எழுதும் வகை. அவற்றுக்குப் பூஜ்யம் கொடுத்தால் எழுத வேண்டியதே மிகக் குறைவு.

இதற்கெல்லாம் ‘ஸ்னியா’ என்ற சேமிப்புத் துறைக் கூட்டமைப்பு ஒரு முறை வகுத்திருக்கிறது. முதலில் டிரைவை முழுக்கத் துடைக்க வேண்டும். பிறகு அதன் கொள்ளளவைப் போல் இரு மடங்கு தகவலை வரிசையாக எழுத வேண்டும். அதன்பின் எதை அளக்கப்போகிறோமோ அந்த வேலையையே சுற்றுச் சுற்றாக ஓட்ட வேண்டும். அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி சராசரியில் 20 சதவீதத்துக்குள் வந்து, ஏறுமுகமோ இறங்குமுகமோ 10 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் டிரைவ் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கல்லூரி லேபில் இதைச் செய்ய நேரம் இருக்கிறதா? 240 ஜிபி டிரைவில் இரு மடங்கு என்றால் 480 ஜிபி. செகண்டுக்கு 400 எம்பி வேகத்தில் எழுதினாலே 20 நிமிடம். விலை குறைந்த டிரைவ்களில் வேகம் நடுவழியில் சரிந்து இன்னும் இழுக்கும். நிரப்பும் வேலையை ஆசிரியர் முதல் நாள் மாலையே முடித்துவைப்பதுதான் வழி. டிரைவின் ஆயுளையும் பார்க்க வேண்டும். 80 டெராபைட் எழுத்துக்கு உத்தரவாதம் உள்ள டிரைவில், ஒருமுறை நிரப்ப அரை டெராபைட் என்றால் சுமார் 160 முறையோடு கணக்கு தீர்ந்துவிடும். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக நிரப்ப விடாதீர்கள்.

இனி மாணவர் செய்ய வேண்டியது. எனக்குப் பிடித்த செய்முறை ஒன்று. 4 கேபி அளவில் அங்குமிங்குமாகப் படிக்கும் சோதனை. ஒரே நேரத்தில் டிரைவிடம் நிலுவையில் இருக்கும் கேட்புகளை 1, 2, 4, 8, 16, 32 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓட்டும் முன் என்ன வரும் என்று பென்சிலால் எழுதிவிட வேண்டும். இது கட்டாயம். ஒரு கேட்புக்கு 100 மைக்ரோசெகண்டு ஆனால், ஒன்றன்பின் ஒன்றாகச் செகண்டுக்கு 10,000. 32 கேட்புகள் சேர்ந்து போனால் 3,20,000 என்று பலர் எழுதுவார்கள். சாட்டாவின் 600 எம்பியை 4 கேபியால் வகுத்த ஓரிருவர் மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வழியில்லை என்று எழுதுவார்கள். வரைபடத்தில் கோடு ஏறி ஏறி, பிறகு படுத்துவிடுவதைப் பார்க்கும்போது அந்த ஓரிருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

சராசரியை மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. ஆயிரம் கேட்புகளில் 990 கேட்புகள் 0.1 மில்லிசெகண்டிலும் 10 கேட்புகள் 20 மில்லிசெகண்டிலும் முடிந்தன என்று வையுங்கள். சராசரி 0.3 மில்லிசெகண்டு. அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட 0.3-இல் முடியவில்லை! ஃபியோ 99.9-வது சதமானத்தையும் தனியே அச்சிடுகிறது; அந்த வரியையும் நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கூடவே டிரைவின் மாடல், எவ்வளவு நிரம்பியிருந்தது, எந்த வெப்பநிலை என்பவற்றையும். சூடேறினால் சில டிரைவ்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தனி டிரைவ் ஒதுக்க முடியாத கல்லூரிகளுக்கும் வழி உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுசோ இணையர் இணையத்தில் இலவசமாகத் தரும் ‘ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்’ பாடநூலில் எஸ்எஸ்டி பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதற்குப் பயிற்சியாகப் பைத்தானில் எழுதிய சிறு எஸ்எஸ்டி மாதிரி நிரல் ஒன்றும் கிடைக்கிறது. பக்கங்கள் இடம்மாறுவதையும் பிளாக் அழிவதையும் அதில் கண்ணால் பார்க்கலாம்.

முயலப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபியோவிடம் டிரைவின் பெயரை நேரடியாகக் கொடுத்து எழுதும் சோதனையை ஓட்டினால், அதில் இருப்பதெல்லாம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை போட்டு, எந்தப் பெயர் எந்த டிரைவ் என்பதை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே என்டரைத் தட்டுங்கள்.

(தொடரும்)